தோட்டாக் கடையும் பெயரில்லாத் துப்பாக்கியும்

பணங்கொடுத்தாற் பண்டம் கிடைக்கும் என்பது கடைத்தெருவின் பொதுவிதி. வாங்குவோன் இன்னான் என்று வணிகன் கேட்பதில்லை. கேட்பானாயின், அடுத்த கடைக்குப் போய்விடுவோம். ஆயினும் அவ்விதிக்கு அடங்காத சரக்குகள் சில உள. நஞ்சு அவற்றுள் ஒன்று. திராவகம் மற்றொன்று. பெண்மக்கள் முகத்தில் திராவகம் வீசுங் கொடுமை பெருகியதைக் கண்ட உச்ச நீதிமன்றத்தார், 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வாங்குவோன் தன் படம் பொறித்த அடையாளச் சீட்டைக் காட்டினாலன்றித் திராவகம் விற்றலாகாது என்றும், வாங்கியவன் பெயரையும் முகவரியையும் கடைக்காரன் ஏட்டிற் பதிதல் வேண்டும் என்றும் ஆணையிட்டனர். அதனைக் குறைகூறினாரை யாம் கண்டிலேம். துப்பாக்கித் தோட்டா வாங்குவோனும் தன் அடையாளத்தைக் காட்டல் வேண்டும் என்னும்போது மட்டும், 'இது நேர்மையுடையாரை ஐயுறுவதன்றோ?' என்று சிலர் சினங்கொள்வது ஏன்?

நம் நாட்டில் இது புதிய ஏற்பாடன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, துப்பாக்கியைப் போலவே தோட்டாவும் உரிமம் இன்றி ஒருவன் கையில் இருத்தலாகாது. எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்னும் அளவும் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வாங்குவோன் அவ்வாயுதத்தை வைத்துக்கொள்ளத் தக்கவன்தானா என்று முன்னரே விசாரித்தறியாமல் ஒப்படைப்பவனும் குற்றவாளியே ஆவான் என்று அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு கூறுகின்றது. இருபத்தொரு வயது நிரம்பாதவனுக்கு விற்றலும் தடை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இவற்றை இன்னும் இறுக்கி, ஒவ்வோர் உரிமத்துக்கும் தனி எண் ஒன்று வேண்டும் என்றன. ஆகவே நம் நாட்டுத் தோட்டாக் கடையில் முதலில் நீட்டப்படுவது பணமன்று, பத்திரமே.

இது வெள்ளையர் வைத்துப்போன விலங்கு என்பார் ஒரு சாரார். அவர் கூற்றில் உண்மை ஒருபாதி உண்டு. 1878-ஆம் ஆண்டில், லிட்டன் பிரபு இராஜப்பிரதிநிதியாய் இருந்த காலத்தில், இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம் இந்தியரையே கருதிச் செய்யப்பட்டது. ஐரோப்பியர்க்கு அதன் விதிகளில் விலக்கு இருந்தது. அன்று கடையில் அடையாளமாய் நின்றது உடலின் நிறமே. அச்சட்டத்தைக் காந்தியடிகள் மிகக் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் 1931-ஆம் ஆண்டுக் கராச்சிக் காங்கிரஸ், ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக எண்ணியபோதும், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டே என்று சேர்த்துரைக்க மறந்திலது. பின்னர் எழுந்த அரசமைப்பிலோ அவ்வுரிமை இடம்பெறவே இல்லை. நிறத்தைக் கேட்பது அநீதி. பெயரைக் கேட்பது அநீதியன்று. முன்னது மாந்தரைப் பிரிப்பது, பின்னது எல்லாரையும் ஒரே ஏட்டில் ஏற்றுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார் பேச்சு எமக்கு உடன்பாடன்று.

பிற நாடுகள் இதில் ஒருவழிப்பட்டன அல்ல. இங்கிலாந்தில் 1987-ஆம் ஆண்டு ஹங்கர்போர்டு என்னும் ஊரில் ஒருவன் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே வந்த சட்டம், வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவையுஞ் சான்றிதழைப் பார்த்த பின்னரே விற்க வேண்டும் என்றது. (அக்கொலையாளி துப்பாக்கிகளை முறைப்படி சான்றிதழ் பெற்றே வைத்திருந்தான் என்பதையும் ஈண்டுச் சொல்லிவிடுதல் நேர்மையாம். அடையாளச் சீட்டு மனத்தின் உள்ளே புகுந்து பார்ப்பதில்லை.) அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டா வாங்குவோர் பெயரைக் கடைக்காரர் குறித்துவைக்கச் செய்தது, 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. கலிபோர்னியா மாகாணத்தார் 2016-ஆம் ஆண்டு வாக்களித்து, 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஒவ்வொரு தோட்டா விற்பனைக்கும் முன்னர் வாங்குவோனைச் சோதித்தறியும் முறையைக் கொணர்ந்தனர். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் கூட்டரசின் நீதிபதி ஒருவர் அஃது அரசமைப்புக்கு முரண் என்று தீர்த்தார். வழக்கு மேல்மன்றம் ஏறிற்று. அங்கே வினா, கேட்கலாமா என்பது. நம் நாட்டில் அவ்வினா முடிந்துபோயிற்று. நமக்குள்ள வினா வேறு. அதனை நீதிமன்றத்திற் காண்பதினும் மலையடிவாரத்திற் காண்பது எளிது.

போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஜவ்வாது மலையின் அடியிலே இருப்பது சந்தவாசல். படைவீடு அணிமையில் உள்ளது. மேலே, மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து வாழ்கின்றனர். கீழே நிலக்கடலையும் வாழையும் கரும்பும் நெல்லும். இரண்டு இடத்திற்கும் பொதுவான பகை ஒன்று உண்டு, அது காட்டுப்பன்றி. கடலைக் கொல்லையில் ஓரிரவு இறங்கிற்றாயின், காய் பிடித்த செடிகளைக் கிளறிவிட்டுப் போகும்; விடியலில் உழவன் காண்பது, உழுத நிலம் போன்ற ஒரு பாழ்நிலத்தையே. மூன்று மாத உழைப்பும் வாங்கிய கடனும் அந்த மண்ணிற் கிடக்கும்.

இந்த உழவன் கையில் இருப்பது நாட்டுத் துப்பாக்கி. இதற்குத் தோட்டாவே வேண்டுவதில்லை. குழலின் வாய்வழியே கரிமருந்தையிட்டு, ரவையிட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பது அது. கடையிலிருந்து வருவது தோட்டா. வாணக்காரனிடமிருந்தும் வருவது மருந்து. ஈயத்துண்டாயினும், மிதிவண்டிச் சக்கரத்தின் இரும்புக் குண்டாயினும் ரவையாகும். துப்பாக்கியைச் செய்தவன் கொல்லன். அவன் பெயரை எவரும் வெளியிற் சொல்லார். இங்கே உரிமத்தைக் காட்டு என்று கேட்பதற்குக் கடையும் இல்லை, கடைக்காரனும் இல்லை, ஏடும் இல்லை. தோட்டாவை எத்துணைக் கண்ணுங் கருத்துமாய்க் காத்தாலும், தோட்டாவே வேண்டாத் துப்பாக்கியை அக்காவல் தீண்டுவதில்லை.

ஆதலின் அக்காவல் வீணோ எனின், அன்று. தொலைவிற் சுடவல்ல, விரைந்து பல முறை சுடவல்ல ஆயுதங்களெல்லாம் தோட்டாவை நம்பியே உள்ளன. அவற்றுக்குப் போட்ட பூட்டு நல்ல பூட்டே. யாம் சொல்லுவது, அப்பூட்டைக் காட்டி வீடு முழுதும் பத்திரமாயிற்று என்று எண்ணிவிடலாகாது என்பதே.

பெயரில்லாத் துப்பாக்கியால் வருந் தீங்கு என்ன என்பதையும் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். இருளிலே புதர் அசைகின்றது, பன்றி என்று எண்ணிச் சுடுகின்றான், விழுந்தவன் மனிதன். இத்தகைய செய்திகள் மலைநாடுகளிலிருந்து வந்தவண்ணமே உள்ளன. சுட்டவன் கொலைகாரனல்லன், ஆயினும் அவன் துப்பாக்கி உரிமமற்றது. ஆதலால் அடிபட்டவனை மருத்துவசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரத்தில், துப்பாக்கியை எங்கே மறைப்பது, எவரிடம் என்ன சொல்லுவது என்றே ஊரார் மயங்குவர். குருதி போய்க்கொண்டிருக்கும். உரிமம் இருந்திருப்பின் அதே பிழை நிகழ்ந்திருக்கவும் கூடும். அஞ்சி ஒளிந்த அந்த அரைமணி நேரமாயினும் மிஞ்சியிருக்கும். பெயர் எழுதிய ஏட்டின் பயன் குற்றவாளியைப் பிடிப்பது மாத்திரம் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தாரல்லர்.

துப்பாக்கியும் இல்லாதவன் செய்வது இன்னுங் கொடிது. பழத்திற்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயும், வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுதலும் துப்பாக்கியினும் குருடானவை. பன்றிக்கு வைத்ததைப் பசு கடிக்கும், யானை கடிக்கும். வேலியை மிதித்து மாய்பவன் பெரும்பாலும் அயல்நிலத்துக்காரனே.

இவற்றுக்கு மாற்றாகச் சட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றது. அதனை அறிந்தார் சிலரே. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மெய்யாகவே பயிரைக் காத்தற்பொருட்டு வாய்வழி மருந்திடும் துப்பாக்கியை விரும்பும் குடிமகனுக்கு, தடுத்தற்குரிய வேறு காரணம் இல்லையாயின், உரிமம் வழங்குதல் வேண்டும் என்கின்றது. வழங்கலாம் என்று அன்று, வழங்க வேண்டும் என்றே உள்ளது. எனினும் மலைமேல் உள்ள துப்பாக்கிகள் உரிமமின்றி இருப்பது ஏன்? உரிமம் வழங்குமிடம் திருவண்ணாமலையில்; மலைச்சிற்றூரிலிருந்து அங்குச் சென்று திரும்ப ஒரு நாட் கூலியும் பேருந்துச் செலவும் போகும், அதுவும் ஒருமுறை சென்றால் முடிந்துவிடுவதன்று. பயிர்காக்க என்று விண்ணப்பித்தால், பயிரிடும் நிலம் எது என்று கேட்பர். வன நிலத்தில் தலைமுறையாய் உழுபவனிடம் பட்டா இராது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைப் பத்திரம் கிடைத்தவன் பிழைத்தான்; கிடைக்காதவனுக்கு நிலமும் இல்லை, அந்நிலத்தைக் காக்கும் உரிமமும் இல்லை. நீ யார் என்னும் கேள்வி மலைமேல் ஏறியவுடன், உன் நிலம் எது என்னும் கேள்வியாக மாறிவிடுகின்றது.

குடகு நாட்டைப் பார்மின் என்று சிலர் உரைப்பர். அங்குக் கொடவ இனத்தார்க்கும் ஜம்மா நிலமுடையார்க்கும் ஆங்கிலேயர் காலந்தொட்டே உரிமம் பெறுவதினின்றும் விலக்கு உண்டு. மத்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டில் அவ்விலக்கை 2029-ஆம் ஆண்டு அக்டோபர் வரை நீட்டித்தது. கருநாடக உயர் நீதிமன்றமும் 2021-ஆம் ஆண்டில் அதனை நிலைநிறுத்தியது. ஜவ்வாது மலையாளிக்கும் அத்தகைய விலக்கு வேண்டும் என்று யாம் கேட்கமாட்டோம். இனத்தைக் காட்டிப் பெறுஞ் சலுகை 1878-ஆம் ஆண்டின் வாசனையுடையது. பெயரைக் கொடுத்துப் பெறும் உரிமமே மேலானது. அவ்வுரிமம் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும், அவ்வளவே.

இங்கே வனத்துறையார் குறுக்கிட்டு, காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் காவலில் உள்ளது, உழவர் அதனைச் சுடுதலாகாதே என்பர். மெய்தான். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழக அரசாங்கத்தார் வெளியிட்ட ஆணையும், காட்டெல்லைக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையாரே சுடலாம் என்றதேயன்றி, உழவனிடம் அவ்வேலையை ஒப்படைக்கவில்லை. எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுதல் எவர்க்கும் இல்லை. மலையடிவாரத்துக் கொல்லைகள் பல அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கும். ஆயினும் பயிர்காக்குந் துப்பாக்கியின் முதல் வேலை கொல்லுதல் அன்று. வெறும் மருந்திட்டு வானத்தை நோக்கி வெடித்தாலும் பன்றிக் கூட்டம் கலைந்தோடும். கொன்றால் என்ன தண்டம் என்பதை உரிமத்தின் மேலேயே எழுதிக் கொடுக்கலாம். உரிமமற்றவனிடம் அதனை எதன்மேல் எழுதிக் கொடுப்பது?

உரிமம் பெற்றவன் பாடும் சுகமன்று. தேர்தல் வந்தால் அவன் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லுகின்றனர். அவன் பெயர் ஏட்டில் இருக்கின்றதன்றோ? பெயரில்லாதவன் துப்பாக்கி பரணிலேயே இருக்கின்றது. பன்றிகளோ தேர்தல் அறிவிப்பைப் படிப்பதில்லை. பெயர் கொடுத்தவனுக்கே தொல்லை, கொடாதவனுக்கு இல்லை என்று ஊரார் கண்டுகொண்டபின், எவன் வந்து தன் பெயரைக் கொடுப்பான்? பயிர்காக்கும் உரிமம் உடையாரை அவரவர் நடத்தை நோக்கி இவ்வாணையினின்றும் நீக்குதல் கூடாத காரியமன்று. மருந்தின் நிலையும் இதுவே. அருகில் உரிமம் பெற்ற கடை இல்லாதவிடத்து, முறைப்படி துப்பாக்கி வைத்திருப்பவனும் மருந்துக்கு வாணக்காரனிடமே செல்ல நேரும். காட்டுவதற்கு அவனிடம் அடையாளம் இருக்கின்றது. கேட்பதற்குத்தான் எவரும் இலர்.

உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படையுங்கள், வழக்கில்லை என்று போலீஸார் மலைச்சிற்றூர்களில் அவ்வப்போது அறிவிப்பது நல்ல வழக்கமே. இரவோடிரவாக ஊர்ப் பொதுவிடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாரும் உளர். வைத்தவன் யார் என்று அப்போதும் தெரியாது. அடுத்த பட்டத்தில் கடலை காய் பிடிக்கும்போது, கொல்லன் வீட்டுக் கதவை மீண்டும் அவன் தட்டுவான் என்பதே எம் அச்சம். ஆகலின், இனி அவ்வறிவிப்புச் செய்யும் நாளில், சந்தவாசலிலும் ஜமுனாமரத்தூரிலும் போலீஸாருடன் வருவாய்த்துறையாரும் வனத்துறையாரும் ஒரே பந்தலில் அமர்ந்து, துப்பாக்கியை வாங்கும் அதே மேசையில் பயிர்காக்கும் உரிமத்துக்குரிய விண்ணப்பத்தையும் வாங்கலாம். பட்டா இல்லாதவனுக்கு, அவன் உழுவது எந்நிலம் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரும் வனவரும் நேரிற் கண்டு எழுதித் தரலாம்.