முற்றமே முதற்பள்ளி



சென்ற மாதம் ஒரு மாலை, மதரஸா விட்ட பின்னர், என்னிடம் ஓதும் சிறுமியொருத்தியின் தாயார் என்னைக் காண வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு ஜோடிக் கம்மலை அவிழ்த்துக் காட்டினார்.

"லாத்தா, இதை அடகு வைத்தால் சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். மூன்றரை வயதாகிவிட்டது. தெருப் பிள்ளைகளெல்லாம் பை மாட்டிக்கொண்டு போகிறார்கள். இவன் பின்தங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. நானே சொல்லிக்கொடுக்கலாம் என்றால், ஐந்தாம் வகுப்போடு நின்றவள்" என்றார்.

கணவர் தையற்கடையில் கூலிக்குத் தைப்பவர். அந்த வீட்டில் வேறு பொன் இல்லை என்பதை நான் அறிவேன். "கம்மலைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பாடத்தை நாளைக்கே வீட்டில் தொடங்குவோம்" என்றேன்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையிலான கல்வியையே கட்டாயமாக்குகிறது. மூன்றரை வயதுக் குழந்தை வீட்டில் இருப்பது குற்றமன்று, குறையுமன்று. அருகில் அங்கன்வாடி இருப்பின் கட்டணமின்றி அனுப்பலாம். எஞ்சிய பொழுதுக்கு வீடு போதும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகவே. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். குழந்தை கையால் தொட்டே கற்கிறது என்பதே அவர் கண்ட முறையின் சாரம். அதற்கு வேண்டிய பொருள்கள் நம் அடுக்களையிலேயே உள்ளன.

எண்ணுக்குத் தினசரி நாட்காட்டி போதும். காலையில் குழந்தையே தாளைக் கிழிக்கட்டும். அதில் 5 என்றிருந்தால் ஐந்து புளியங்கொட்டைகளை அதன்மேல் வைக்கட்டும். முதலில் ஒன்பது வரை போதும். தாளின் பின்புறம் படம் வரைய உதவும். ஆனால் ஓர் எச்சரிக்கை: கொட்டைகளை மூக்கிலும் காதிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. எண்ணிக் கொடுங்கள், எண்ணித் திரும்ப வாங்குங்கள், உங்கள் கண்ணெதிரே மட்டும் கொடுங்கள்.

எழுத்துக்குப் பென்சிலை அவசரப்படுத்தாதீர்கள். தட்டில் சலித்த மணலைப் பரப்பி, விரலால் எழுதச் செய்யுங்கள். நம் திண்ணைப் பள்ளிகளின் வழி அதுவே. வளைவுகள் நிறைந்த 'அ'வில் தொடங்காமல், நேர்கோடுகளால் ஆன 'ட', 'ப' இரண்டிலும் தொடங்கினால் பிஞ்சு விரல்கள் சோராது. உப்புத்தாளில் அவ்வெழுத்துகளை வெட்டிப் பழைய அட்டையில் ஒட்டிவிட்டால், தடவித் தடவியே வடிவம் மனத்தில் பதியும்.

தந்தைக்கும் இதில் பங்குண்டு. அந்தத் தையற்காரரிடம் வெட்டி எறியும் துண்டுத் துணிகளைக் கேட்டேன். நிறம் பிரிக்க அவை போதும். ஒரு துணியில் நான்கு பெரிய பொத்தான்களும் காஜாவும் தைத்துக் கொடுத்தார். பொத்தான் போடப் பழகும் விரல்கள் நாளை பென்சிலைப் பிடிக்கும்.

எல்லாவற்றினும் மேலானது பேச்சு. குழம்பு தாளிக்கும்போது கடுகு ஏன் வெடிக்கிறது என்று அவன் கேட்டால், வாயை அடைக்காதீர்கள். உம்மம்மா சொன்ன கதையை நீங்கள் சொல்லுங்கள், பாதியில் நிறுத்தி, "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். இதற்கு ஐந்தாம் வகுப்புகூட வேண்டியதில்லை.

ஓர் அமர்வுக்குப் பத்து நிமிடம் போதும். குழந்தை எழுந்து ஓடினால் பாடம் முடிந்தது. அடி கூடாது, அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலும் கூடாது. மூன்று வயது கடந்தும் சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, அழைத்தால் திரும்பவில்லை என்றால், பாடத்தைக் கூட்டாதீர்கள். அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

நேற்று அந்தத் தாயார் மகனோடு வந்தார். 'ப'வை இன்னும் தலைகீழாகவே எழுதுகிறானாம். ஆயினும் என் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தவுடன், "எட்டு!" என்று கூவினான்; ஓடிப்போய் வாசலில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து என் முன் வைத்தான். எண்ணிப் பார்த்தேன், ஏழுதான் இருந்தன. நான் வாய் திறக்குமுன் அவனே மீண்டும் ஒருமுறை எண்ணிவிட்டு, இன்னொரு கல்லுக்காக வாசலுக்கு ஓடினான்.

தாயார் சிரித்தார். கம்மல் காதிலேயே இருந்தது.