நொய்யல் வடிநிலப் பள்ளிகளில் நீர்ப்பிடிப்புப் பகுதி, தூய நீர் குறித்த பாடம்: கோரிக்கை மனு

பெறுநர்: தொடக்கக் கல்வி இயக்குநர், பள்ளிக் கல்வி இயக்குநர், சென்னை.
அனுப்புநர்: நொய்யல் கரையோர ஊர்களின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் சங்கம்.

வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறக்கும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பெய்யும் மழை சரிந்தோடி இந்த ஆற்றுக்கே வந்துசேரும் நிலம் முழுவதும் இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. தோட்டம், சாலை, சாயப்பட்டறை, பள்ளி வளாகம் யாவும் அதற்குள் அடக்கம். நடுநிலை வகுப்புகளில் நீர்ச் சுழற்சி கற்பிக்கப்படுகிறது. ஆனால் பாடநூல் படத்தில் உள்ள மலையும் கடலும் எந்த ஊருக்கும் உரியவை அல்ல. பள்ளிச் சாக்கடை எந்தப் பள்ளத்தில் விழுந்து எங்கே போகிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. திருப்பூரிலோ குழாயில் வருவது பவானி, காவிரித் தண்ணீர். கழிவாக வெளியேறுவது நொய்யலுக்கு.

இந்த வடிநிலத்திலேயே ஒரு முழுப் பாடம் கிடக்கிறது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவுநீர் தேங்கியது. கீழ்ப்பகுதிக் கிணறுகள் உப்பேறின. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைக்குத் தொழில் மாற வேண்டியதாயிற்று. காரணம் எளிய வேதியியல்தான். சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். கரைந்த உப்பு வழக்கமான சுத்திகரிப்பில் நீங்காது. படிகாரம் கலங்கலைப் படியவைக்கும், குளோரின் கிருமியைக் கொல்லும், கொதிக்கவைத்தாலும் கிருமி சாகும். உப்போ அப்படியே இருக்கும். நீர் ஆவியாகிக் குறைவதால் உப்பின் அடர்த்தி கூடவே செய்யும். காய்ச்சிய தண்ணீர் எல்லாம் சுத்தம் என்று வீடுகளில் நிலவும் நம்பிக்கையை 8ஆம் வகுப்பிலேயே திருத்திவிடலாம்.

எனவே, ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் நீர் சென்றுசேரும் ஓடை, குளம், ஆறு ஆகியவற்றைக் காட்டும் நீர்ப்பிடிப்பு வரைபடம் தமிழில் வழங்கப்பட வேண்டும் எனச் சங்கம் கோருகிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குத் தரப்படும் களப் பரிசோதனைப் பெட்டி பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் பள்ளிக் குடிநீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதலாம். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறினால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் உறுதிசெய்து பள்ளிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பதில் வராத சோதனை மாணவரிடம் அலுப்பை மட்டுமே வளர்க்கும்.

களப்பயணத்துக்குப் பேருந்துச் செலவும், ஆசிரியர் பயிற்சிக்கு வேலை நாட்களும் ஒதுக்கப்பட வேண்டும். சாக்கடை தூர்வாருதல், குப்பை அள்ளுதல் போன்ற வேலைகளை இப்பாடத்தின் பெயரில் மாணவர்களிடம் வாங்கக் கூடாது. இதற்குத் தனித் தேர்வும் வேண்டாம்.

ஆறு 4 மாவட்டங்களில் ஓடுவதால் தனித்தனி மாவட்ட ஆணைகள் போதா. இயக்குநரகங்களின் பொது ஆணை தேவை. தொடக்கமாகப் பேரூர், திருப்பூர், ஒரத்துப்பாளையம் பகுதிகளில் தலா ஒரு பள்ளியைத் தேர்ந்து, மூன்றும் தம் அளவீடுகளைப் பருவந்தோறும் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யுமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.