24-க்குக் காவடி எடுப்பவர்களுக்கு

குறும்படம் எடுக்கும் நம் நண்பர்களிடம் வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று கேட்டுப் பாருங்கள். வேதவாக்கு மாதிரி ஒரே பதில்: 24. ஏன் என்றால், 'அதான் ப்ரோ சினிமேட்டிக்.' அதற்கு மேல் கேட்டால் கோபம் வரும்.

24 அழகியலில் பிறந்த எண் இல்லை. ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. 1920களின் கடைசியில் ஒலி வந்ததும் வேகம் ஆடக்கூடாது என்றாகிவிட்டது. ஆடினால் குரல் இழுபடும். ஒலி தெளிவாக இருக்கணும், பிலிமும் அதிகம் செலவாகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பேசி முடித்த கணக்குதான் 24. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். பழக்கத்துக்கும் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 25-இலிருந்து அதை உங்கள் கண் பிரித்துச் சொல்லாது. பிஏஎல் முறைத் தொலைக்காட்சி இருந்த நாடுகளில் 24-ல் எடுத்த படத்தை 25-ல் ஓட்டித்தான் பெரும்பாலும் காட்டினார்கள். சுமார் 4 சதவீதம் கூடுதல் வேகம். யாரும் எழுந்து போகவில்லை.

எண்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். டியூப் லைட் விடமாட்டேன் என்கிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் பல மலிவு எல்இடிகளும் வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் வழக்கம்போல் இரட்டிப்பு, 1/50. ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு. ஸ்லோ மோஷனுக்கு 50 ஃப்ரேம், ஷட்டர் 1/100. சரியாக ஒன்று. நம்ம 24 பக்தரோ ஸ்லோ மோஷனுக்கு 60-க்குத் தாவுவார், ஷட்டர் 1/120. ஒரு முழுத் துடிப்புகூட விழாது. ஒரு ஃப்ரேம் வெளிச்சம், அடுத்தது மங்கல், பட்டை பட்டையாக நிழல் ஓடும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து யூடியூபில் பாடம் எடுப்பவருக்கு 1/60, 1/120 எல்லாம் சரிதான். அவர் வீட்டு பிளக் நம் சுவரில் நுழையாது என்று தெரிகிற நமக்கு, அவருடைய எண்ணும் நுழையாது என்று மட்டும் ஏன் தெரியவில்லை?

24-லேயே ஷட்டரை 1/50 ஆக்கினால் போதுமே என்பீர்கள். போதும். தெரிந்து செய்கிறவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை வேறு இடத்தில். தோட்டத்து வீட்டு ஹாலில், ஒரே ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே, தன் அப்பா சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத கதையை ஒரு பாட்டி சொல்கிறார். அடுத்த வருடம் அந்தப் பாட்டி இருப்பாரா? அந்த முகத்தின்மேல் கறுப்புப் பட்டை ஓடுகிற வீடியோவை என்ன செய்வது? எடிட்டிங்கில் பார்த்துக்கலாம் என்கிறார்கள். பாதிதான் போகும்.

வெளியே வந்தாலும் இதே கதைதான். பத்துமலை உச்சிவெயிலில் உறுமி மேளத்தை 24-ல் எடுக்கிறார்கள். போன் தானாகவே ஷட்டரை 1/1000-க்கும் மேலே ஏற்றிவிடுகிறது. குச்சி அசையவில்லை, குதிக்கிறது. சினிமா என்று நீங்கள் நினைக்கிற அந்த மென்மை ஷட்டர் தருகிற மங்கலில் இருக்கிறது. அதற்கு லென்ஸ் முன்னால் என்டி ஃபில்டர் வேணும். வாங்கமாட்டார்கள், ஆனால் படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை மட்டும் ஒட்டுவார்கள்.

ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள் பிஏஎல் வடிவங்களைக் காட்டச் சொல்லும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டினால் 25 வரும். உங்கள் ஆண்ட்ராய்டில் 30, 60 மட்டும்தான் என்றால் ப்ரோ மோடில் ஷட்டரைப் பூட்டுங்கள்: 30-க்கு 1/50, 60-க்கு 1/100. பாட்டி பேச ஆரம்பிப்பதற்கு முன்னாடியே.