நாலு நம்பரும் நில நிதியும்

பெரும்பரிசை நம்பி வாழ்பவர் உழைக்க மனமில்லாதவர் என்று தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் மலேசியாவின் கெடா மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, தமக்குரிய நிரையில் மரம் வெட்டிப் பால் சேர்த்தவர்களே சம்பள நாளில் பரிசாட்டத்துக்கு நம்பர் எழுதவும் சென்றார்கள் என்பதால், அத்தீர்ப்பு இங்கே பொருந்துவதில்லை. பெரட்டு என்பது வேலையைப் பகிர்ந்தளிக்கும் காலைக் கூட்டம். நிரை என்பது ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மரவரிசை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. பாலின் எடை குறைந்தால் கூலி குறையும். குடியிருந்த வீடும் தோட்டத்துக்கே சொந்தமாதலால், வேலை முடியும் நாளில் கூரையும் போய்விடும். இத்தகைய கூலி வயிற்றை நிரப்புமேயன்றி ஒருநாளும் சொத்தாக மாறாது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்த ஒருவர், சொத்தாக மாறக்கூடிய ஒரே தொகை பரிசுத்தொகைதான் என்று எண்ணியதில் அறிவீனத்தைவிடக் கணக்கே மிகுதி, அந்தக் கணக்கு பிழையானது என்றபோதிலும்.

பிழை எங்கே இருக்கிறது என்பதை மலேசியத் தமிழர் ‘நாலு நம்பர்’ என்று அழைக்கும் ஆட்டத்தின் அமைப்பே காட்டுகிறது. 0000 முதல் 9999 வரையுள்ள 10,000 எண்களில், ஒவ்வொரு குலுக்கலிலும் முதல் மூன்று பரிசுகளுக்கு மூன்றும், சிறப்புப் பரிசுகளுக்குப் பத்தும், ஆறுதல் பரிசுகளுக்குப் பத்துமாக 23 எண்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இந்த 23 எண்களுக்கும் பரிசு உண்டு என்னும் ‘பிக்’ வகையில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கட்டியவருக்கு முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு 180, ஆறுதல் பரிசு 60. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினால் 10,000 வெள்ளி செலவாகி 6,400 வெள்ளி திரும்பும்; அதாவது கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 36 காசு திரும்பி வராது. புதன், சனி, ஞாயிறு ஆகிய மூன்று வழக்கமான குலுக்கல்களிலும் ஐந்து வெள்ளி கட்டுபவர் ஆண்டுக்கு 780 வெள்ளி செலவிடுகிறார். நீண்டகாலச் சராசரியில் அவருக்கு மீள்வது 499 வெள்ளி. ஒரே எண்ணை விடாமல் எழுதிவருபவர் முதல் பரிசைச் சராசரியாக 64 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கலாம், அவருடைய ஆயுள் அதற்கு இடம் கொடுத்தால்.

இதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று உண்டு. 2025 முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு வெள்ளிக்கான முதல் பரிசோ இரண்டு மாதச் சம்பளத்துக்கும் குறைவு. ஆகவே நாலு நம்பர் அடித்தாலும் யாரும் வேலையை விட்டுவிட முடியாது. கடனை அடைக்கலாம், ஒரு விசேஷத்தைச் சிறப்பாக நடத்தலாம், மறுவாரம் கூடுதலாகக் கட்டலாம். வேலையிலிருந்தே விடுபட விரும்புபவர் கோடிக்கணக்கில் பரிசு தரும் ஜாக்பாட்டை நாடவேண்டும். 58 எண்களில் ஆறைச் சரியாகச் சொல்லவேண்டிய டோட்டோ ஆட்டத்தில் உள்ள சேர்க்கைகள் 4,04,75,358. வாரம் மூன்றுமுறை ஒரு சீட்டு எடுப்பவருக்கு இது இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காத்திருப்பு.

இந்த ஆசையை வளர்த்ததில் அரசுக்கும் பங்குண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1991இல் கைவிடப்பட்ட சமூக நல லாட்டரி அரசாங்கத்தினுடையது. 1969இல் ஸ்போர்ட்ஸ் டோட்டோவைத் தோற்றுவித்ததும் அரசாங்கமே, பின்னர் 1985இல் அது தனியார்மயமானது. மேக்னம் நிறுவனம் நாலு நம்பர் ஆட்டத்தைத் தொடங்கியதும் 1969இல்தான்.

அதே காலத்தில் சிறுதொகையைச் சொத்தாக்கும் வேறொரு வழியும் கெடாவில் செயல்பட்டுக்கொண்டிருந்தது என்பதே இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. பெருந்தோட்டங்களை வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட, வாங்கியவர்கள் அவற்றைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து விற்றதால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்த நிகழ்வு ‘தோட்டத் துண்டாடல்’ எனப்பட்டது. அதற்கு மறுமொழியாக வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தோட்டத் தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குத்தொகை திரட்டி, அந்தப் பணத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். பரிசுச்சீட்டுக்குப் போயிருக்கக்கூடிய அளவிலான பணம், பால் வெட்டுபவரைத் தோட்டத்தின் பங்குதாரராக்கியது. கூட்டுறவில் திடீர்ச் செல்வம் இல்லை, காத்திருப்பு உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்பின் முடிவில் நிலம் இருந்தது. எல்லாத் தோட்டங்களையும் வாங்க ஒரு சங்கத்தால் முடியவில்லை. பின்வந்த ஆண்டுகளில் கெடாவின் சுங்கைப்பட்டாணியைச் சுற்றிப் பல ரப்பர் காடுகள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி, 1996இல் அதே மாநிலத்தின் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபோது, தோட்டத்தை விட்டுவந்த நடுவயதினருக்கு அந்தத் தொழிற்சாலைகளில் இடம் கிடைப்பது அரிதாயிருந்தது; பக்கத்திலேயே நம்பர் கடை இருந்தது.

கூலி வீணாவதைத் தடுக்கும் முயற்சி கெடாவுக்குப் புதிதன்று. 1946–47இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கூலியை விழுங்கிய கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. போலீசுடன் மோதல்கள் ஏற்பட்டு இயக்கம் ஒடுக்கப்பட்டபோதிலும், அது தொழிலாளர் தாமே தமக்காக மேற்கொண்ட கட்டுப்பாடு. 2021 நவம்பரில் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) முகமட் சனுசி தலைமையிலான மாநில அரசு, சூதாட்டக் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என அறிவித்ததோ மேலிருந்து வந்த ஆணை. குலுக்கல் நடத்தும் உரிமம் மத்திய நிதியமைச்சினுடையது, கடை வைக்கும் உரிமம் மாநிலத்தின் கீழுள்ள ஊராட்சி மன்றங்களினுடையது என்பதால் நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. எனினும் 2023இல் கெடாவின் கடைகள் மூடப்பட்டன. 1968இல் அரசே தொடங்கிய லாட்டரியைத் தமிழ்நாடு 2003இல் தடைசெய்தபின், மூன்று நம்பர் லாட்டரி என்னும் கள்ள ஆட்டம் அங்கே மறைவில் தழைத்ததை இதனுடன் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

தடை தவறன்று, ஆனால் அது பாதி வேலைதான். வேலை இழந்த தோட்டத்து மக்களுக்கு வீட்டுமனையோ, பத்து வெள்ளியிலிருந்து தொடங்கக்கூடிய கூட்டுறவுச் சேமிப்போ அந்த ஆணையுடன் சேர்ந்து வரவில்லை. கூலிமில் கடையை மூடினால், அரை மணி நேரப் பயணத்தில், பினாங்கு மாநிலத்துக்குட்பட்ட புக்கிட் மெர்தாஜாமில் கடை திறந்தே இருக்கிறது. நம்பர் எழுதுபவருக்குக் கூடியிருப்பது பெட்ரோல் செலவு மட்டுமே.