ஈஸ்ட் நூக் எங்கே ஸார்?

"இவங்கள்லாம் எங்கே உட்கார்ந்து பேசறாங்க தம்பி?" என்று நாகூர் டீக்கடை ரேடியோவைக் காட்டிக் கேட்பார் ஒரு நானா. "திருச்சியில, நானா" என்பேன். அது 1939-ல் வந்த நிலையம். "அதுக்கு முந்தி?"

அதற்கு முந்தின வருஷம், ஜூன் 16-ல், மதராஸ் வானொலி தொடங்கியது எழும்பூர் மார்ஷல் ரோட்டில், 'ஈஸ்ட் நூக்' என்ற பங்களாவில். 16 வருஷம் கச்சேரி, நாடகம், பேச்சு எல்லாம் அங்கேதான். பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு ஸார். வித்வான் பாடினார், ஊர் கேட்டது, காற்றோடு போச்சு. டேப்பில் பிடித்துவைக்கிற வழக்கமெல்லாம் பிற்பாடு! கேட்ட காதுகளும் அநேகமாக இப்போது இல்லை.

1954-ல் நிலையம் மெரீனா பக்கம் புதுக் கட்டடத்துக்குக் கிளம்பிவிட்டது. (காற்று வாங்கத்தான், வேறென்ன!) மார்ஷல் ரோடும் ருக்மணி லட்சுமிபதி சாலையாகிவிட்டது. அங்கே போய் "ஈஸ்ட் நூக் எங்கே?" என்று விசாரித்தேன். கண் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டினார்கள்.