ஒரே பிள்ளைக்கு அண்ணன் யார்?

அந்த நாளில் நாஞ்சில் நாட்டில் ஒரு வீட்டுக்குள் போனால், எந்தப் பிள்ளை யார் பிள்ளை என்று கண்டுபிடிப்பதே கஷ்டம்! அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளை, தங்கை பிள்ளை எல்லாம் ஒரே பந்தியில் சாப்பிடும். ஒரே பாயில் படுத்து உறங்கும்.

இன்று? வீட்டுக்கு ஒரு பிள்ளை. அதற்கு ஒரு தனி அறை. கையில் ஒரு செல்போன். அறைக் கதவோ சாத்திக் கிடக்கிறது!

அளவான குடும்பம்

1971-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரியாக ஏறக்குறைய 4 குழந்தைகள். 2020-ல் அது 1.4 ஆகக் குறைந்துவிட்டது. அதாவது, 10 பெண்களுக்கு மொத்தம் 14 பிள்ளைகள்தான்!

கன்னியாகுமரி மாவட்டம் படிப்பில் பேர் பெற்றது. 2011 ஜனத்தொகைக் கணக்கில், எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் இடம். நூற்றுக்கு 91 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். படித்த பெண்கள் அளவோடு பெற்றார்கள். பெற்றதை நன்றாகப் படிக்க வைத்தார்கள். இது தவறே அல்ல.

பழைய பெரிய குடும்பம் சொர்க்கமாக இருந்தது என்றும் எண்ண வேண்டாம். அதில் நடந்த சொத்துச் சண்டைகளையும் கோர்ட்டு வழக்குகளையும், தேரூரில் பிறந்த கவிமணி 'மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலில் நையாண்டி செய்திருக்கிறார்.

வீண் பழி

"ஒற்றைப் பிள்ளை பிடிவாதக்காரப் பிள்ளை" என்று ஊரில் சொல்வது உண்டு. ஒரு காலத்தில் மேல்நாட்டு அறிஞர்களும் அப்படியே நம்பினார்கள். அமெரிக்காவில் டோனி பால்போ என்ற பெண் அறிஞரும் மற்றொருவரும் 115 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 1986-ல் முடிவு வெளிவந்தது. ஒற்றைப் பிள்ளைகள் குணத்தில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல. படிப்பில் சற்று மேலாகவே இருக்கிறார்கள்!

அப்படியானால் குறை எங்கே?

யாரிடம் சொல்வது?

14, 15 வயதில் மனதில் ஆயிரம் கேள்விகள் எழும். அப்பாவிடம் கேட்கப் பயம். அம்மாவிடம் சொல்ல வெட்கம். அக்கா இருந்தால் காதோடு சொல்லலாம். அண்ணன் இருந்தால் சண்டை போட்டுக்கொண்டே கேட்டுவிடலாம். ஒரே பிள்ளை யாரிடம் போகும்?

சுமையும் அதற்கே அதிகம். டாக்டராக வேண்டும் என்ற ஆசையும் அதன் தலையில். வீட்டுக் கடனும் அதன் தலையில். நாளை பெற்றோரை முதுமையில் தாங்குவதும் அந்த ஒரு தோள்தான்!

தமிழ் காட்டும் வழி

பெரியப்பா மகனை என்னவென்று அழைக்கிறோம்? அண்ணன்! சித்தி மகள்? தங்கை! கூடப் பிறக்காதவருக்கும் கூடப் பிறந்தவரின் பெயரையே கொடுத்திருக்கிறது தமிழ். இந்த முறையில் பார்த்தால், ஒற்றைப் பிள்ளை என்று யாருமே இல்லை.

ஆனால் நடப்பது என்ன? ஒரு முழ வரப்புக்காக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்துகிறார்கள். கல்யாணத்துக்கும் போவதில்லை, சாவுக்கும் போவதில்லை. தோற்றது யார்? தம்பியின் ஒரே மகன்! அவனுக்கு இருந்த ஒரே அண்ணனையும் அந்த வரப்பு விழுங்கிவிட்டது.

பெற்றோர் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. விஷுவன்று கைநீட்டம் வாங்க, பிள்ளையை மாமன் வீட்டுக்கு அனுப்புங்கள். சுசீந்திரம் தேரோட்டமோ, கோட்டாறு சவேரியார் திருவிழாவோ, தக்கலை பீர்முகம்மது அப்பா விழாவோ, பிள்ளைகள் ஒன்றாகக் கூடட்டும். கோடை விடுமுறையில் பத்து நாளாவது டியூஷனை நிறுத்திவிட்டு, பெரியப்பா வீட்டில் விடுங்கள். மதிப்பெண் குறைந்துவிடாது.

பிள்ளைக்கு நிலம் சேர்க்கலாம், நகை சேர்க்கலாம். அவசர நேரத்தில் ஓடி வர ஓர் அண்ணனையும் சேர்த்து வையுங்கள். சொத்தைப் பிரிக்கும்போது உறவைப் பிரித்துவிடாதீர்கள்!