கடல் கடந்த கதையும் கடைத்தெருக் குவளையும்



சென்ற கோடை விடுமுறையில் ஒரு சிறுவன் என் வாயை அடைத்துவிட்டான். அவனுக்குப் பத்து வயது இருக்கலாம். முதுகலை அறிவியல் படிக்கிறோம் என்ற செருக்கோடு ஊருக்குப் போன நான், அவன் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்ல மாட்டாமல் நின்றேன். அந்தக் கேள்வியை உங்கள் முன் வைப்பதற்கே இக் கட்டுரை.

எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். பாட்டனார் காலத்தில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள் நாங்கள். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். விடுமுறை மாலைகளில் ஊர்ப் படிப்பகத்தில் குழந்தைகளைக் கூட்டி, நாள் ஒன்றுக்குச் சான்றோர் ஒருவர் வரலாறு என்று சொல்லி வந்தேன். ஒருநாள் மார்ட்டின் லூதர் கிங்கின் முறை வந்தது.

குழந்தைகள் கண் கொட்டாமல் கேட்டார்கள். 1929இல் அட்லாண்டாவில் பிறந்தது. பள்ளி செல்லும் வயது வந்ததும், உடன் விளையாடிய வெள்ளைச் சிறுவனை இனி இவனோடு சேரக் கூடாது என்று பெற்றோர் தடுத்தது. பதின்வயதில் பேச்சுப் போட்டிக்குப் போய்த் திரும்பும் வழியில், வெள்ளையருக்கு இருக்கையை விட்டுவிட்டு நெடுந்தூரம் பேருந்தில் நின்றபடியே வந்தது. பின்னர் 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் இருக்கையை விட்டு எழ மறுத்ததும், கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே வென்றதும் – எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த மகிழ்ச்சியில், “கேள்வி ஏதேனும் உண்டா?” என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து அவன் எழுந்தான். “ஏனுங்கண்ணா, அங்க வெள்ளை கறுப்புன்னு பார்த்ததும் தெரிஞ்சுபோயிரும். நம்மூர்ல எல்லாரும் ஒரே கறுப்புத்தானுங்களே, அப்புறம் எப்படிங்கண்ணா கண்டுபிடிக்கறாங்க?”

அவன் ஊருக்கு வெளியே இருக்கும் காலனியைச் சேர்ந்தவன். அது எனக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? எண்ணிப் பாருங்கள் தோழர்களே! நானும் எப்போதோ, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, “கண்டுபிடித்து” வைத்திருக்கிறேன் அல்லவா? என் பாட்டி வீட்டுப் பின்கட்டில், இறவாரத்தில் ஓர் அலுமினியக் குவளை செருகியிருக்கும். தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் மோர். சமையலறையில் அடுக்கடுக்காகக் குவளைகள் இருக்க, அது மட்டும் ஏன் வெளியில் இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சிறுவன் கேட்டதைப் பத்து வயதில் நான் கேட்டிருக்க வேண்டும்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒரு விடை எனக்குத் தெரியும். தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. சுரக்கும் அளவிலும் வகையிலுந்தான் வேறுபாடு. அமெரிக்க நிறவெறி இந்த அற்பமான வேறுபாட்டின்மேல் எழுப்பிய கோட்டை. சாதிக்கோ அந்த அற்பக் காரணமும் இல்லை. எந்த நுண்பெருக்காடியும் அதைக் காட்டாது. ஆகவே இங்கே தெருப் பெயரைக் கேட்கிறார்கள்; தகப்பன் பெயரைக் கேட்கிறார்கள்; “எந்தப் பக்கம்?” என்று கேட்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு அன்று நா எழவில்லை.

கிங்கின் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குச் சொல்வது எளிது. அமெரிக்க வெள்ளையனைக் கடிந்தால் நம் ஊரில் யாருக்கும் கோபம் வராது. ஆனால் அந்தக் கதையை அட்லாண்டாவிலேயே முடித்துவிட்டால், அநியாயம் என்பது அயல்நாட்டுச் சரக்கு என்றே குழந்தை எண்ணிக்கொள்ளும். அது பொய் சொல்வதைவிடக் கொடிது. கதையை நம் தெரு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

கிங்கே அதற்கு வழி காட்டியிருக்கிறார். 1959 பிப்ரவரியில் அவர் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தாராம். முதலில் கிங்குக்கு அதிர்ச்சியும் வருத்தமும் உண்டாயின. பிறகு தம் நாட்டு மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தார். ஆம், நான் தீண்டப்படாதவன்தான், என் நாட்டுக் கறுப்பர் எல்லாரும் அப்படித்தான் என்று உணர்ந்தார். இதை 1965 ஜூலை 4ஆம் நாள் அட்லாண்டாவில் தம் திருச்சபையில் ஆற்றிய உரையில் அவரே கூறினார். அவர் நம் குழந்தைகளின் கண்ணாடியில் தம் முகத்தைக் கண்டார். நம் குழந்தைகள் அவர் கண்ணாடியில் தம் ஊரைக் காண வேண்டாமா?

அவரை அழைத்துவரும்போது அய்யன்காளியையும் உடன் அழைத்து வருவோம். 1893இல், ஒடுக்கப்பட்டோர் நடக்கவும் கூடாது என்றிருந்த திருவிதாங்கூர்ப் பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்ற வீரர் அவர். அங்கே பேருந்து இருக்கை. இங்கே மாட்டு வண்டி. 1910இல் பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றார். ஆதிக்கச் சாதியார் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தனர். அய்யன்காளி பிறந்தது 1863 ஆகஸ்டு 28. வாஷிங்டன் பேரணியில் கிங் தம் புகழ் பெற்ற உரையை நிகழ்த்தியது 1963 ஆகஸ்டு 28. சரியாக நூறு ஆண்டு! தற்செயல்தான், ஆயினும் குழந்தைகள் நெஞ்சில் பதிய இதைவிட நல்ல நாள் வேண்டுமோ?

“பச்சைக் குழந்தைகளிடம் இதையெல்லாம் பேசலாமா? பகை வளராதா?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். குழந்தையிடம் நாம் பேசாவிட்டாலும் குவளை பேசுகிறதே! ஏறக்குறைய ஆறு வயதில் நண்பனை இழந்து அழுதுகொண்டு வந்த கிங்கிடம், அவருடைய தாயார் எதையும் மறைக்கவில்லை. அடிமை முறையின் வரலாற்றைச் சொன்னார். ஆனால் நீ யாருக்கும் தாழ்ந்தவன் அல்லன் என்றும் சொன்னார். அப்படி வளர்ந்த பிள்ளை பகையையா பரப்பினார்? 1963 மே மாதம் பர்மிங்காம் நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ஒன்பது வயதுச் சிறுமியும் சிறை சென்றாள். நாயை ஏவினார்கள், தண்ணீர்ப் பீரங்கியால் அடித்தார்கள். பிள்ளைகள் திருப்பி அடிக்கவில்லை. பெரியவர்கள் அஞ்சிய இடத்தில் அவர்கள் அஞ்சவில்லை.

இன்னொன்றும் சொல்வேன். கிங்கைக் கனவு கண்டவராக மட்டும் காட்டி நிறுத்திவிடுகிறோம். அவர் எங்கே, எதற்காக உயிர் விட்டார்? மெம்பிஸ் நகரில், ஏறத்தாழ 1,300 துப்புரவுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போனபோது, 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. குப்பை வண்டிக்குள் நசுங்கி இருவர் இறந்ததே அந்தப் போராட்டத்துக்குப் பொறியாயிற்று. எங்கள் வட்டாரத்தில் தெருக் கூட்டுபவர் யார், தேயிலை கிள்ளுபவர் யார் என்று குழந்தைக்குத் தெரியும். மெம்பிஸைச் சொன்னால் அது உடனே புரிந்துகொள்ளும்.

மூணாறில் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அங்கே லயங்களில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்குச் சொல்ல, அவர்கள் தாய்மாரே எழுதிய வரலாறு இருக்கிறது. 2015 செப்டம்பரில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்து, இருபது விழுக்காடு போனஸ் கேட்டுப் போராடினார்கள். ஆண் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்கள் எழுப்பிய அமைப்பே ‘பெம்பிளை ஒருமை’. மாண்ட்கோமரியில் நடந்த கால்களுக்கும் இந்தக் கால்களுக்கும் என்ன வேற்றுமை?

எங்கள் பக்கத்துக் கதையோ தலை குனிய வைப்பது. 2017இல் முதலமடைப் பஞ்சாயத்து கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், தமிழ் பேசும் சக்கிலியர் வகுப்பு மக்கள், தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளை என்றும், குடிநீர் பிடிப்பதில்கூட வேற்றுமை என்றும் முறையிட்டது நாடெங்கும் செய்தியாயிற்று. தமிழனுக்கு வேற்று மாநிலத்தில் மதிப்பில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த மக்களும் தமிழர் அல்லரோ? குவளையைப் பிரித்தவர்களிலும் தமிழர் இல்லையோ? சிறுபான்மையின் துன்பம் அறிந்த நாம், நமக்குள்ளே ஒரு சிறுபான்மையை ஆக்கி வைத்துக்கொண்டு பிறரிடம் நீதி கேட்பது எந்த முறையில் சேரும்?

தோழர்களே! அடுத்த விடுமுறையில் நம் மன்றத்தார் சிற்றூர் வட்டத்துக்கும் தேவிகுளம், பீர்மேடு மலைகளுக்கும் போவோம். படிப்பகத்தில், தேவாலயத் திண்ணையில், லயத்து முற்றத்தில், நல்ல தமிழில் கிங்கின் கதையைச் சொல்வோம். முடிந்ததும் ஓடிவிடாமல், குழந்தைகள் கேட்பதற்குக் காத்திருப்போம். விடை நம் வீட்டைச் சுட்டினாலும் சொல்வோம்.

பாட்டி வீட்டுக் குவளையை நான் எடுத்து உள்ளே அடுக்கில் வைத்துவிட்டேன். பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை; மூன்றாம் நாள் பேசினாள். குவளை இன்னும் உள்ளேதான் இருக்கிறதா என்பதை நான் ஊருக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். அந்தச் சிறுவனுக்கும் ஒரு விடை கடனாக இருக்கிறது.